சாய்தூணும் நேர்த்தூணும்

தூண் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் விழப்போகிறது என்று பொருள். மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். திருமலைக் கோயிலின் எதிரே 2003 வரை நின்ற ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே கல்தச்சன் தூணை நேராக நட்டு, தலையில் போதிகை வைத்து, அதன்மேல் உத்தரத்தை ஏற்றினான்.

கான்கிரீட்டுக்குள் இரும்புக்கம்பி புகுந்த பின் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. தரையிலிருந்து முதல் தளம் வரை நேர்த்தூண், அதன்மேல் வெளிப்புறம் சாய்ந்த தூண் என்று அமைப்பது இன்று புதுமையன்று. இவ்விரண்டையும் கணிப்பொறியில் இணைப்பது எப்படி என்பதே என் பொருள். நான் பௌதிக மாணவன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். கைச்செலவுக்காக மாலையில் திருப்பதியில் கட்டடப் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கையாள்வது ரெவிட் என்னும் மென்பொருள்.

முதலில் பௌதிகம். சுவரில் சாய்த்த ஏணியின் அடி, சுவரை விட்டு விலகி வழுக்கப் பார்க்கிறதல்லவா? சாய்தூணும் அவ்வாறே. செங்குத்திலிருந்து 15 பாகை வெளியே சாய்ந்த தூண் 100 டன் சுமந்தால், அதன் அடி ஏறக்குறைய 27 டன் விசையோடு உட்புறம் தள்ளும்; தலை அதே விசையோடு வெளிப்புறம் தள்ளும். அடியில் தளம் நெருக்குண்ணும். தலையில் கூரை இழுபடும். நேர்த்தூண் மட்டும் இதைத் தாங்கிவிடாது. இணைப்பு மட்டத்தில் உத்தரமோ தளமோ இருந்தே தீரவேண்டும்.

இனி ரெவிட். அதில் தூண் இருவகை. அலங்காரத்துக்குரிய கட்டடக்கலைத் தூண் சாயாது. சுமைதாங்கும் கட்டமைப்புத் தூணே சாயும். நேர்த்தூணை முதல் தள மட்டம் வரை நிறுத்துங்கள். பிறகு சாய்தூணைத் தேர்ந்து, முதற்புள்ளியை நேர்த்தூணின் தலைநடுவிலும் இரண்டாம் புள்ளியைக் கூரைமட்டத்திலும் வையுங்கள். தூணின் அடிவெட்டு மூவகைப்படும்: தூணுக்குச் செங்குத்தானது, கிடையானது, நிலைக்குத்தானது. இங்கே கிடைவெட்டே வேண்டும். செங்குத்துவெட்டை விட்டுவைத்தால், 45 சென்டிமீட்டர் அகலத் தூணில் ஒருபக்கம் சுமார் 6 சென்டிமீட்டர் வாய்பிளந்து நிற்கும். மறுபக்கம் அவ்வளவே கீழ்த்தூணுக்குள் புதையும். கிடையாக வெட்டினாலும் சாய்தூணின் அடி 46.6 சென்டிமீட்டராக விரியும். அந்த ஒன்றரைச் சென்டிமீட்டர் துருத்தல் பிழையன்று, கோணத்தின் கணக்கு. அதன்பின் 'ஜாயின்' கட்டளையால் இரு கான்கிரீட்டையும் ஒன்றாக்கலாம்.

சாய்வின் நடத்தையையும் தீர்மானிக்க வேண்டும். கோணத்தைக் காப்பது ஒருவகை; முனைகளைக் காப்பது மற்றொரு வகை. கட்டடச் சொந்தக்காரர் தளஉயரத்தை மாற்றாமல் இருக்கமாட்டார்! அப்போது கோணம் காக்கும் தூண் தன் சாய்வை விடாமல், முனையை விட்டுவிடும். ஆகவே முனை காக்கும் வகையே நமக்கு ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும் இணைப்பு முடிந்ததென்று எண்ணக்கூடாது. ஒரு விடுதியின் முகப்புக்காக வேறிடத்தில் வரைந்த படமொன்று எங்கள் மேசைக்கு வந்தது. திரையில் மாசில்லை, கான்கிரீட் ஒன்றோடொன்று அழகாகக் கலந்திருந்தது. ஆனால் இரு தூண்களின் மையக்கோடுகளும் 15 சென்டிமீட்டர் விலகியிருந்தன. தூண் பருமனாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. 100 டன் சுமை 15 சென்டிமீட்டர் விலகினால் 15 டன்-மீட்டர் வளைவுத்திருப்பம். கீழ்த்தூணின் கம்பிகள் அதற்கென அமைந்தவை அல்ல. அந்த முகப்பின்கீழ் மலையேறப் போகும் குடும்பங்கள் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும்!

'ஜாயின்' கட்டளை உருவத்தைத்தான் ஒட்டுகிறது. விசையைக் கணக்கிடும் பகுப்பாய்வு மாதிரி 2023 பதிப்பு முதல் உருவத்திலிருந்து தனித்தே நிற்கிறது. அங்கே நேர்த்தூணின் கோடு, சாய்தூணின் கோடு, உத்தரத்தின் கோடு மூன்றும் ஒரே கணுவில் சந்திக்க வேண்டும். நான் கடைப்பிடிக்கும் முறை எளியது: தூணின் நடுவே ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்து, கான்கிரீட்டை மறைத்து, கோடுகளை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். மூன்றும் ஒரு புள்ளியில் கூடினால் படம் கட்டமைப்புப் பொறியாளரிடம் போகும். அந்த 27 டன்னுக்கு எத்தனை கம்பி என்பதை அவர் கணக்கிடுவார்.