'இயல்பா நில்லுக்கா!'

ஞாயிறு காலை எட்டு மணி. ஜொகூர் பாரு அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் வாசலில் நிற்கும் காருக்குள் ஒரே களேபரம்! முன்சீட்டில் அக்கா மை தீட்டுகிறார். பின்சீட்டில் பாட்டி, வாயில் நாலு ஊக்கைக் கவ்வியபடி. தம்பி கையில் கைபேசி. நான் பக்கத்து வீடு. இன்றைக்குப் பை தூக்கும் உத்தியோகம். 'சும்மா கோயிலுக்கு வந்தேன்' என்று இன்ஸ்டாகிராமில் வருகிற படம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று பார்க்க எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா!

பைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு செட் வளையல், மாற்று ஜிமிக்கி, சீப்பு, குட்டி மின்விசிறி, அரைப் பாக்கெட் முறுக்கு. முறுக்கு பாட்டியுடையது.

உள்ளே கால் வைத்ததும் கண் கூசுகிறது! சுவர், தூண், விதானம் என்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். 1922இல் ஜொகூர் சுல்தான் தந்த நிலத்தில் எளிய கொட்டகையாகத் தொடங்கிய கோயில், 2009இல் கண்ணாடி போர்த்திக்கொண்டது. மறு வருடமே நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று மலேசிய சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அதே 2010இல்தான் இன்ஸ்டாகிராமும் பிறந்தது. ஜாதகம் பார்த்துச் சேர்த்தாலும் இப்படிப் பொருந்தாது!

ஆனால் இத்தனை கண்ணாடியிலும் ஒரு முழு முகம் தெரியாது. ஒரு துண்டில் மூக்குத்தி, அடுத்ததில் அரைப் புருவம். முழுசாகப் பார்க்கக் கைபேசிதான் கதி.

"பின்னாடி எழுத்துப் பலகை எதுவும் வரக்கூடாது" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"இயல்பா நில்லுக்கா!"

இயல்புக்கு என்னென்ன வேண்டும் என்கிறீர்கள்? மோவாய் கொஞ்சம் கீழே, இடது கால் அரையடி முன்னே, பார்வை தூணில், மூச்சு உள்ளே. யாராவது சாமி கும்பிட வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. மொத்தம் அறுபத்து மூன்று படம்!

அடுத்து, தே தாரிக் கடையில் தேர்வுக் குழு கூடியது.

"ஐயோ, என் மூக்கு கோணல்!"

"உன் மூக்கு எப்பவும் இப்படித்தான் லா" என்றோம் எல்லாரும்.

ரகசியம் இதோ. அக்கா இத்தனை வருடம் பார்த்து வந்தது கண்ணாடி முகத்தை, அதாவது இடம் வலம் மாறிய முகத்தை. நாங்கள் பார்த்தது நேர் முகத்தை. 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் தங்கள் கண்ணாடி பிம்பப் படத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய சிநேகிதர்கள் விரும்பியது நேர்ப் படத்தை. பழகிய முகம்தான் அழகு!

தம்பி படத்தை இடம்வலமாகத் திருப்பினான். மூக்கு 'நேராகி'விட்டது! பலகை வேண்டாம் என்றதும் இதற்குத்தான்: எழுத்து இருந்தால் திரும்பிப்போய்க் குட்டு உடைந்திருக்கும். ஊருக்குக் காட்டத்தான் படம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அக்காவோ தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி ஊருக்குத் தூக்கிப் பிடிக்கிறார்!

படம் ஏறியது. லைக் கொட்டியது. பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்டி, காலையில நான்தானே கட்டிவிட்டேன்? முந்தானையை இடது தோள்லதானே போட்டேன். வலது தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாளே, இவ யாரு?"