காருக்கு மூக்கு அறுப்பு! ரேடியேட்டருக்கு இடம் தேடும் படலம்

எஞ்சின் புதுசு. பெயிண்ட் பளபளப்பு. சாவியைத் திருப்பினால் சிங்கம் மாதிரி உறுமுகிறது. ஆனால் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. பானெட்டுக்கு அடியிலிருந்து குபுகுபு என்று ஆவி!

இங்கிலாந்தில் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய எஞ்சின் மாட்டிய பலர் பட்ட பாடு இது. எஞ்சினை எப்படியோ உள்ளே இறக்கி விடுகிறார்கள். ரேடியேட்டரை எங்கே வைப்பது? அதற்காகத்தான் காரின் முன்பக்கத் தகட்டில் கட்டர் வைக்கிறார்கள். ஒழுங்காக அறுத்தால் கார் பிழைக்கும். கன்னாபின்னா என்று அறுத்தால் காரும் போச்சு, ஓட்டுகிறவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

எம்.ஜி. என்றதும் 2019-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எட்டு மூலை முத்திரைக் கார்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இப்போது சீனக் கம்பெனிக்குச் சொந்தம். நாம் சொல்வது அதன் தாத்தா காலத்துச் சரக்கு. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள்.

அதில் இருந்தது 1,798 சி.சி. எஞ்சின், நாலு சிலிண்டர். நம்ம அம்பாசிடரில் ரொம்ப காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதுவும் அண்ணன் தம்பி. இரண்டும் ‘பி சீரிஸ்’ குடும்பம். அந்தக் கால டாக்ஸி டிரைவர் யாராவது எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்து பார்த்தால், “அட, நம்ம ஆளு!” என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

பட்டறைக்காரர் போட்ட கோடு

பார்க்க ராஜா மாதிரி இருந்தாலும் வேகம் போதவில்லை என்று ஒரு குறை. கெண்ட் பகுதியைச் சேர்ந்த கென் காஸ்டெல்லோ என்பவர், மினி கார் பந்தயங்களில் பேர் வாங்கியவர். 1970 வாக்கில் இவர் ஒரு காரியம் செய்தார். எட்டு சிலிண்டர் ‘வி-8’ எஞ்சினை எம்.ஜி.பி.க்குள் இறக்கி விற்க ஆரம்பித்தார்.

அந்த எஞ்சின் அமெரிக்காவில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் செய்து கைவிட்டதை ரோவர் கம்பெனி உரிமை வாங்கிக்கொண்டது. 3,528 சி.சி. அளவு இருந்தும் அலுமினியம் என்பதால் பழைய இரும்பு எஞ்சினைவிட எடை பெரிதாகக் கூடாது.

எம்.ஜி.யின் சொந்தக்காரரான பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி சும்மா இருக்குமா? காஸ்டெல்லோவைக் கூப்பிட்டு, அவர் காரைப் பார்த்தது. ஒன்று செய்து தரச் சொல்லி வாங்கியது. பிறகு 1973-ல் தானே எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்று ஒரு காரை வெளியிட்டது! 137 குதிரை சக்தி. மணிக்குச் சுமார் 125 மைல் வேகம். ஆனால் அதே வருஷக் கடைசியில் பெட்ரோல் விலை எகிறியது. 2,591 கார்களோடு 1976-ல் கதை முடிந்தது.

கதை முடிந்ததே தவிர ஆசை முடியவில்லை. இன்றைக்கும் சொந்தச் செலவில் வி-8 மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் ரேடியேட்டர் பிடித்து ஆட்டுகிறது.

அறுப்பதற்கு முன்னால்...

வி-8 எஞ்சினின் முன்னால் தண்ணீர் பம்பும் பெல்ட் சக்கரமும் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய இடத்தில் ரேடியேட்டர் இருந்தால் இடிக்கும். கம்பெனியே 1973-ல் ரேடியேட்டரை முன்னால் தள்ளித்தான் வைத்தது. எஞ்சினோடு சுற்றும் விசிறியைத் தூக்கிவிட்டு இரண்டு எலெக்ட்ரிக் விசிறி போட்டது. சாதாரண எம்.ஜி.பி.யிலும் 1976-ல் ரேடியேட்டர் முன்னால் போய்விட்டது. ஆகையால் அதற்குப் பிற்பட்ட கார் வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு. குரோம் பம்பர் வைத்த முந்தைய கார்தான் அழகு என்று எல்லோரும் அதையே தேடுகிறார்கள். வம்பும் அதில்தான்.

அந்தக் கார்களில் முன் சக்கரங்களுக்கு மேலே உள்ள இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே குறுக்காக ஒரு தகடு நிற்கும். ரேடியேட்டர் அதில்தான் உட்கார்ந்திருக்கும். வெறும் ஸ்டாண்டு என்று நினைத்து வெட்டி எறிந்தால் ஆபத்து. லாரி மாதிரி இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகடுதான் எலும்பு. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கட்டு அந்தக் குறுக்குத் தகடு. கட்டு போனால் மேடு பள்ளத்தில் முன்பக்கம் ஆட ஆரம்பிக்கும். பானெட்டின் இடைவெளி ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். மோதல் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

விஷயம் தெரிந்த டிங்கர் முதலில் கட்டரைத் தொடமாட்டார். குறுக்கே மூலைக்கு மூலை அளவெடுப்பார். தற்காலிகமாக ஒரு கம்பியைக் குறுக்கே பற்றவைத்து இரண்டு பக்கத்தையும் கட்டிப்போடுவார். முன்னால் வரவேண்டிய புதுச் சட்டத்தைச் செய்து பொருத்திப் பார்த்த பிறகுதான் பழைய தகட்டில் கை வைப்பார். துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் நிற்காது. அதைச் சுரண்டி நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி, ஒட்டுப்போட வேண்டும். அலுப்பான வேலை. இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள்.

காற்று ஏமாற்றும்

சரி, ரேடியேட்டர் முன்னால் போய்விட்டது. சூடு குறைந்ததா? இல்லை! காற்று என்பது கூட்டத்தில் சந்து தேடும் ஆட்டோ மாதிரி. ரேடியேட்டரின் ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அந்த வழியாகவே போய்விடும், ஜாலியின் நடுவே போகாது. சுற்றிலும் தகடும் ரப்பரும் வைத்து அடைக்க வேண்டும்.

உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். எட்டு சிலிண்டரின் புகைக் குழாய்களும் அந்தச் சின்ன அறையில்தான் கொதிக்கின்றன. 1992-ல் வந்த எம்.ஜி. ஆர்.வி-8 காரில் அந்தக் குழாய்களைப் பக்கச் சுவரில் துளை போட்டுச் சக்கரப் பக்கமாக வெளியே விட்டார்கள். அதைப் பார்த்துப் பலரும் அப்படியே செய்கிறார்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ரேடியேட்டரைத் தாழ்வாக இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றும் மூடியும் கீழேயே இருந்தால் எஞ்சினின் உச்சியில் காற்று அடைத்துக்கொள்ளும். சூடு பார்க்கும் குமிழ் தண்ணீரில் இல்லாமல் காற்றில் இருந்தால் முள் ‘எல்லாம் சௌக்கியம்’ என்று பொய் சொல்லும். அதை நம்பி ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும்.

இன்னொன்று சிரிப்பு. விசிறியின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் அது தலைகீழாகச் சுற்றும். முன்னால் வருகிற காற்றைத் திருப்பி அனுப்பும்! ஒரு காகிதத் துண்டை கிரில் முன்னால் பிடித்தால் தெரிந்துவிடும். உள்ளே இழுத்தால் சரி, பறந்தால் ஒயரை மாற்று.

அறுக்கவே மனசு வராதவர்களும் உண்டு. அசல் மூக்கோடு இருக்கிற பழைய கார் நாளுக்கு நாள் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு அடைப்பு எடுத்த ரேடியேட்டரோடு நிதானமாக ஓட்டுகிறார்கள். அறுத்துக் கெடுத்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி 1988-ல் எம்.ஜி.பி.யின் முழு இரும்புக் கூட்டையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தது. முன்பக்கத்துக்கு மட்டும் தகடு வேண்டும் என்றாலும் தனியாகக் கிடைக்கும்.