ஈ.சி.ஆர் ரிசார்ட்டுக்குக் குழந்தைகளோடு போறீங்களா? மாலத்தீவுக் கடலும் கோவளம் கடலும் ஒன்றல்ல... ஏன்?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் வீடுகளில் எழும் கேள்வி, "இந்த வருஷம் எங்க போறோம்?" விமான நிலையத்தை ஒட்டிய ஊர்கள். மொட்டை மாடியில் நின்று விமானத்துக்கு டாட்டா காட்டி வளரும் பிள்ளைகள். செல்போனைத் திறந்தால் கரீபியன் தீவுகளும் மாலத்தீவும் கண்ணாடி போன்ற நீல நீரோடு வந்து நிற்கின்றன. ஆனால் கரீபியனுக்கு லண்டன் போன்ற ஊர்களில் விமானம் மாறித்தான் போக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு பயணம் என்பது விடுமுறை அல்ல, தண்டனை.

ஆகவே பல குடும்பங்கள் கடைசியில் வண்டியைத் திருப்புவது பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையிலோ, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலோதான். ஒன்றரை மணி நேரத்தில் கோவளம். இன்னும் கொஞ்சம் போனால் மாமல்லபுரம். நீச்சல் குளம், பஃபே, கடல் தெரியும் அறை எல்லாம் இங்கேயும் உண்டு. ஒன்றுதான் இல்லை. அந்தப் படங்களில் அலையே இல்லாத நீரில் ஒரு குழந்தை உட்கார்ந்து விளையாடுகிறதே, அந்தக் கடல் இங்கே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

அங்கே ஏன் அலை இல்லை?

மாலத்தீவு முழுக்கப் பவளத்திட்டுகளால் ஆனது. தீவைச் சுற்றி வளையம் போலப் பவளப்பாறை நிற்கும். பெருங்கடலில் இருந்து வரும் அலை அந்தப் பாறையிலேயே மோதி உடைந்துவிடும். அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளப்பாறைகள் குறைத்துவிடுகின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. உள்ளே இருப்பது கடல் என்பதைவிட உப்புத் தண்ணீர்க் குளம் என்றே சொல்லலாம்.

கரீபியனிலும் எல்லாக் கரையும் அப்படி இல்லை. பார்படோஸ் தீவையே எடுத்துக்கொள்வோம். ஆடம்பர விடுதிகள் வரிசையாக நிற்பது அமைதியான மேற்குக் கரையில். அட்லாண்டிக் பெருங்கடலை நேராகப் பார்க்கும் கிழக்குக் கரையில் பெரிய அலைகளும் வலுவான நீரோட்டமும் இருப்பதால் அங்கே நீந்த வேண்டாம் என்றே சொல்வார்கள். விளம்பரப் படத்தில் நாம் பார்ப்பது ஒரு பக்கக் கடலை மட்டும்தான்.

நம்ம சோழமண்டலக் கடற்கரைக்குப் பவளப்பாறை அரண் கிடையாது. வங்காள விரிகுடாவின் அலை நேராகக் கரைக்கே வந்து உடைகிறது. பல இடங்களில் கரை சரிவாக இறங்குவதால் நாலு எட்டு வைத்தாலே ஆழம். பெரியவருக்கு முழங்கால் அளவு தண்ணீர் என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது இடுப்பளவு. "முட்டி அளவு தண்ணிதானே" என்று நாம் சொல்வது நம்முடைய முட்டியை வைத்து.

அலை இல்லாத இடம்தான் ஆபத்தான இடமா?

கடலில் மூழ்கிய செய்திகளில் 'ராட்சத அலை இழுத்துச் சென்றது' என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலும் இழுப்பது அலை அல்ல, நீரோட்டம். அலைகள் தொடர்ந்து கரையில் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அது ஒன்றாகச் சேர்ந்து, குறுகலான ஓடை போலக் கடலுக்குள் பாய்கிறது. வேகம் எடுத்தால் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரரால்கூட அதை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது.

கொடுமை என்னவென்றால், அந்த ஓடை இருக்கும் இடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியான, கொஞ்சம் கருத்த நீர். "இங்க அலை கம்மியா இருக்கு, பாப்பாவை இங்க இறக்கு" என்று நாம் தேர்ந்தெடுப்பது சில நேரம் அந்த இடத்தைத்தான்.

இன்னொன்று பக்கவாட்டு நீரோட்டம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இது சென்னைக் கரையை ஒட்டி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். தண்ணீரில் விளையாடும் பிள்ளை தனக்கே தெரியாமல் நகர்ந்துகொண்டே போகும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் அம்மா உட்கார்ந்திருந்த குடையைக் காணோம்.

வானம் தெளிவாக இருப்பதும் உத்தரவாதம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று 5 பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். அப்போது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அமலில் இருந்தது. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்றால் எழும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறுவதுதான் கள்ளக்கடல். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் நாளில் மழை வருமா என்று பார்ப்பதோடு இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் ரிசார்ட்டில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வெளிப்படையாகச் சொன்னால், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் ஈ.சி.ஆரில் வாங்குவது கடலை அல்ல. ஒரு நல்ல நீச்சல் குளத்தையும், கடலைப் பார்த்தபடி சாப்பிடும் இட்லியையும்தான். அதில் தவறேதும் இல்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

'பிரைவேட் பீச்' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். கடற்கரை பொதுச் சொத்து. பொதுமக்கள் அங்கே செல்லும் வழியை விடுதி அடைக்கக் கூடாது என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. எனவே அறை பதிவு செய்யும் முன் போனிலேயே கேளுங்கள்: உயிர்காப்பாளர் குளத்துக்கு மட்டுமா, கடற்கரைக்கும் உண்டா? எத்தனை மணி வரை இருப்பார்? குழந்தைகள் குளம் தனியாக இருக்கிறதா, பெரிய குளத்தோடு ஒட்டியிருக்கிறதா? தரைத்தள அறை என்றால் கதவைத் திறந்ததும் குளமா? கடைசிக் கேள்வி முக்கியம். மதியம் பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில், கதவைத் தானே திறக்கத் தெரிந்த பிள்ளை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்றால், கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. 2021இல் கிடைத்த சான்று. உயிர்காப்பு ஏற்பாடு அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இருந்தால் அங்கே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார் என்று பொருள். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது.

பில்லில் கவனிக்க வேண்டியது

ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு ஒரு ரூபாய் கூடினாலும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். வாடகையில் 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய்! எக்ஸ்ட்ரா பெட் சேர்க்கும் முன் மொத்த வாடகை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள். எத்தனை வயது வரை குழந்தைக்கு இலவசம் என்பது விடுதிக்கு விடுதி மாறும். அதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குவது நல்லது.

சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயம் அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

"இல்லைங்க, அலையில்லாத கடல்தான் வேணும்" என்றால்?

காசும் நேரமும் இருந்தால் மாலத்தீவு. இந்தியர்களுக்கு 30 நாள் விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவே நமக்குப் பக்கம். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் பெரிய பிள்ளையுடையதையும் எடுத்துப் பாருங்கள். அங்குள்ள ரிசார்ட்டுகளில் 2025 ஜனவரி முதல் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது. பலர் கவனிக்காத இன்னொரு செலவு, மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகு அல்லது கடல் விமானம். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் அன்றிரவு மாலே பக்கத்தில் தங்க நேரிடும்.

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா விரிகுடாவில் வெகுதூரம் வரை ஆழமில்லாத நீர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், நம் கோடை விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ராமேஸ்வரம். அங்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும், சீறும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை 'ஆண் கடல்' என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தனுஷ்கோடி முனையில் மட்டும் எந்தக் கடலிலும் இறங்க வேண்டாம், நீரோட்டம் மோசம்.

குளம் என்றால் பயமில்லையா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். சினிமாவில் வருவது போல மூழ்கும் குழந்தை கையை ஆட்டாது, கத்தாது. மூச்சு விடவே முடியாதபோது எப்படிக் கத்தும்? சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம்.

கூட்டுக் குடும்பமாகப் போகும்போது இன்னும் கவனம் தேவை. எட்டுப் பெரியவர்கள் சுற்றி இருப்பார்கள். அம்மா, சித்தி பார்க்கிறாள் என்று நினைப்பார். சித்தியோ, தாத்தா பார்க்கிறார் என்று போனை எடுப்பார். முறை போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஒருவர், போன் இல்லாமல், கை எட்டும் தூரத்தில். எழுந்து போகும்போது "இனி நீ பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் வெறும் பொம்மை, அது உயிர்காப்பு ஜாக்கெட் ஆகாது.

ஒருவேளை யாராவது இழுக்கப்பட்டால்?

கடலில் சிக்கியவர் கரையை நோக்கி நீந்தி எதிர்க்கக் கூடாது. மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஓடையிலிருந்து வெளியே வர வேண்டும். அந்த நீரோட்டம் வெளியே இழுக்குமே தவிர கீழே அமுக்காது. கரையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் பல உயிர்கள் போகின்றன. மூடிய காலி தண்ணீர் கேன், தெர்மாகோல் பெட்டி என மிதக்கும் எதையாவது வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. ஆம்புலன்ஸ் 108.

தூக்கி வந்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் இன்றும் நடக்கிறது. எதையும் செய்யாதீர்கள். வயிற்றில் உள்ளது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்புங்கள்.

குழந்தை எழுந்து அழுது, "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். நுரையீரலுக்குள் போன நீரால் அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல் வரலாம். கோவளம் பக்கம் என்றால் கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரவில் குழந்தை மருத்துவர் இருக்கும் இடம் எது என்பதை, ரூம் சாவி வாங்கும்போதே வரவேற்பில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.