மானியம் தருபவர் முதலில் பார்ப்பது கணக்கையே

எமது ஊர்களில் ஒரு நலன்புரிச் சங்கம் அமைந்தால், அதன் தலைவராகவோ பொருளாளராகவோ பெரும்பாலும் ஒரு வியாபாரிதான் இருப்பார். "வெளிநாட்டு உதவி ஏதும் எடுக்க முடியாதா?" என்ற கேள்வியும் அவரிடம்தான் வரும். கணினியையும் தொலைபேசியையும் கொண்டு சமூகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காணும் அமைப்புகளுக்கு மானியம் வழங்கும் நிறுவனங்கள் உலகில் உள்ளன. அந்த மானியம் யாருக்குக் கிடைக்கிறது என்பதை, எமது நாட்டில் பிறந்த 'சஹன' மென்பொருளின் கதை தெளிவாகக் காட்டுகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. நிவாரணப் பொருட்கள் லொறி லொறியாக வந்து குவிந்தன. ஆனால் எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை, காணாமற்போனோர் யார் என்ற விபரங்களை ஒரே இடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை. களஞ்சியம் நிறையச் சரக்கிருந்தும் கையிருப்புப் புத்தகம் இல்லாத கடையின் நிலைதான் அது.

இக்குறையைத் தீர்க்க, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சார்ந்த தொண்டர்கள் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்று பொருள்படும் 'சஹன' என்ற சிங்களச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் ஆகிய நான்கையும் அது பதிவு செய்தது.

சுவீடன் அரசின் சீடா நிறுவனத்தின் நிதியுதவி இதற்குப் பின்னரே கிடைத்தது. வெறும் யோசனைக்கல்ல, ஏற்கனவே பயன்பட்ட ஒரு வேலையை முழுமையாக்கவே அப்பணம் வந்தது. மென்பொருள் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டதால், 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது கைகொடுத்தது.

வியாபாரிகளுக்கு இது புதிய பாடமல்ல. முன்பின் தெரியாதவருக்கு எந்த மொத்த வியாபாரியும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதில்லை. கடையையும் கணக்கையும் பார்த்த பின்னரே கொடுப்பார். மானியம் தருபவரும் அப்படித்தான்.

எனவே விண்ணப்பிக்கு முன் மூன்று விடயங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, கணக்குகள் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, பிரச்சினை எண்ணிக்கையில் தெரிய வேண்டும். "ஏழை மாணவருக்கு உதவி" என்பதை விட "எமது பிரிவில் பாடசாலையை விட்டு விலகிய இத்தனை பிள்ளைகள்" என்பது எடுபடும். மூன்றாவது, மானியம் முடிந்த பின் மின்கட்டணத்தையும் திருத்தச் செலவையும் யார் கொடுப்பார் என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் இல்லாவிட்டால், வாங்கிய கணினிகள் சங்கக் கட்டடத்தில் தூசு படிந்துதான் கிடக்கும்.

சிறியதொரு வேலையைச் சொந்தக் காசில் தொடங்கி, அதற்கு ஒரு கொப்பியில் ஒழுங்காகக் கணக்கு வையுங்கள். நாளை மானியம் தருபவர் முன் வைக்கக்கூடிய முதல் ஆவணம் அந்தக் கொப்பிதான்.