கட்டுச்சோறும் கேளிக்கைப் பூங்காவும்

நான்காக மடித்த ஒரு பத்து ரிங்கிட் நோட்டு. நனைந்து போயிருந்தது, ஆனால் மடிப்புக் கலையவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கட்டுரையை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

2025ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேரை ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். பூங்காவின் பெயர் இங்கே தேவையில்லை. பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. நுழைவுச் சீட்டுக்குப் பள்ளிச் சலுகை கிடைத்தது. பெற்றோருக்கான கடிதத்தை நான்தான் எழுதினேன். "பூங்காவினுள் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பவும்" என்று இரண்டு வரிகள் எழுதினேன். எவ்வளவு கொடுத்தனுப்ப வேண்டும் என்று எழுதவில்லை. உள்ளே என்ன விலை என்று விசாரிக்கவும் இல்லை. பிழை என்னுடையது.

மதியம் பிள்ளைகள் உணவு முகப்புகளில் வரிசை பிடித்தார்கள். பொரித்த கோழியுடன் ஒரு தட்டுச் சோறு 19 ரிங்கிட். உருளைக்கிழங்கு வறுவல் 12. குளிர்பானம் 7. சிறிய போத்தல் தண்ணீர் 4 ரிங்கிட். நாற்பது பிள்ளைகளையும் எண்ணிச் சரிபார்க்கும் அவசரத்தில் இருந்த நான், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தனியாக ஒரு பெஞ்சில் அமர்ந்திருப்பதைக் கண்டேன்.

"ஏனப்பா, நீ சாப்பிடலையா?"

"பசிக்கல டீச்சர்."

நம்பிவிட்டேன். மாலை நான்கு மணிக்குப் பேருந்தில் ஏறும்போது அவன் தள்ளாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. பேருந்து ஓட்டுநர் தம் பிளாஸ்கில் வைத்திருந்த மைலோவையும் நாலு பிஸ்கட்டையும் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்த பிறகுதான் பையன் வாய் திறந்தான்.

"பத்து வெள்ளிக்கு அங்க சோறு இல்ல டீச்சர். மிச்சக் காசைத் திருப்பிக் கொண்டு வரச் சொன்னாங்க அம்மா."

காலையில் வீட்டில் பசியாறிய பிறகு நாள் முழுவதும் குளித்து, ஓடி, ஆடிய பிள்ளை அவன். குழாய்த் தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறான்.

அன்று மாலை அவனை லயத்துக்கு அழைத்துச் சென்று விட்டேன். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் அவன் தாயார் என்னைக் கோபிக்கவில்லை. "தெரிஞ்சிருந்தா நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்திருப்பேனே டீச்சர்" என்றார். கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் சம்பளம், ஒரு வேளைச் சாப்பாடு

வீட்டுக்கு வந்து, பூங்காவில் குறித்து வைத்திருந்த விலைகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் அங்கே ஒரு வேளை சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தட்டுச் சோறு 95 ரிங்கிட். ஐந்து குளிர்பானம் 35 ரிங்கிட். மொத்தம் 130 ரிங்கிட்.

2025 பிப்ரவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 ரிங்கிட். அதை 26 வேலை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஆக, இரண்டு நாள் வெயிலிலும் மழையிலும் பாடுபட்ட கூலி ஒரே வேளைச் சாப்பாட்டில் கரைந்துவிடுகிறது. மாலைப் பலகாரமும் ஐஸ்கிரீமும் இந்தக் கணக்கில் வரவில்லை.

நம்மவர்கள் சுற்றுலா என்றால் சீட்டு விலையை மட்டும் விசாரிக்கிறார்கள். "மைகார்டு காட்டினால் கழிவு உண்டாம்" என்று மகிழ்ந்து போகிறார்கள். வாசலில் மிச்சம் பிடித்த காசு சாப்பாட்டு முகப்பில் போய்விடுவதை வீடு திரும்பிய பிறகே உணர்கிறார்கள்.

ஏன் இந்த விலை?

எங்கள் பள்ளியில் படித்து, பின்னர் ஒரு கேளிக்கைப் பூங்காவின் சமையலறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

"உள்ளே வந்தவங்க வேற எங்க டீச்சர் போவாங்க?" என்று சிரித்தார் அவர். முதல் காரணம் அதுதான். பட்டணத்தில் ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். வேலிக்குள்ளே போட்டியில்லை. அடுத்ததாக, கடை நடத்துபவர் பூங்கா நிர்வாகத்துக்கு வாடகையோ விற்பனையில் ஒரு பங்கோ கட்ட வேண்டும். மூன்றாவது, கூட்டம் வருவது பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும்தான். சமையல்காரருக்குச் செவ்வாய்க்கிழமையும் சம்பளம் உண்டு. இவற்றை எல்லாம் நியாயமான செலவு என்றே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குளிர்பானத்தின் கதை வேறு. குழாயில் பிடித்துத் தரும் சோடா பானத்தில் பொதுவாக ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு சோடாத் தண்ணீர் சேர்க்கிறார்கள். கோப்பையில் பாதி ஐஸ். ஏழு ரிங்கிட்டில் பெரும்பகுதியை நாம் தண்ணீருக்கும் ஐஸுக்கும் கொடுக்கிறோம். சோற்றையும் பானத்தையும் சேர்த்து 'செட்' என்று விற்பதும் இதற்காகத்தான். தனித்தனியே வேண்டாம் என்று நினைப்பவரும் 'செட்' என்றால் வாங்கிவிடுவார்.

அந்தக் காலத்துக் கேளிக்கை இடங்கள் இப்படி இருக்கவில்லை. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் 1923இல் தொடங்கிய நியூ வேர்ல்டு, கோலாலம்பூரில் இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் இடத்தில் இருந்த பி.பி. பார்க் ஆகியவற்றைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். அங்கே அங்காடிக்காரர்கள் பலர் அருகருகே நின்று மீயும் சோறும் விற்றார்கள். ஒருவர் விலையை ஏற்றினால் கூட்டம் பக்கத்துத் தள்ளுவண்டிக்குப் போய்விடும். பின்னர் ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த சன்வே லகூன், 2004இல் தம்புனில் திறந்த லாஸ்ட் வேர்ல்டு, 2012இல் ஜொகூரில் திறந்த லெகோலேண்ட் என்று பெரிய பூங்காக்கள் நம் நாட்டில் வந்தன. விளையாட்டுகள் வளர்ந்தன, பிள்ளைகளுக்கு அவை மகிழ்ச்சியே. ஆனால் ஒருவரோடொருவர் போட்டியிட்ட அந்த அங்காடி வரிசையை இவற்றில் எதிர்பார்க்க முடியாது.

கொடுத்த காசுக்குத் தரம் உண்டா?

விலை கூடினாலும் உணவு சூடாகவும் சுத்தமாகவும் இருந்தால் ஓரளவு மனம் ஆறும். எங்கள் பிள்ளைகள் சிலர் வாங்கிய கோழியை நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சோறு ஓரங்களில் காய்ந்திருந்தது. பதினோரு மணிக்குச் சமைத்ததை இரண்டு மணிக்கு விற்றிருப்பார்கள் போலும்.

இதில் ருசி மட்டும் சம்பந்தப்படவில்லை. உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில்தான். ஆகவே சூடான உணவு ஆவி பறக்கும் சூட்டிலும், குளிர்ந்த உணவு நல்ல குளிரிலும் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான சோறும், வெயிலில் வைத்த வெட்டுப் பழமும், மயோனைஸ் கலந்த சாலட்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். கண்ணெதிரே சுட்டோ பொரித்தோ தருவதை வாங்குவதே நலம்.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளும் இருக்கின்றன. உணவைக் கையாளும் ஊழியர்கள் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். கெட்டுப்போன உணவைக் கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். விலையைக் காட்டாமல் விற்பதும் குற்றமே. அதற்கு உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சு இருக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நட்டம் ஏற்பட்டிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

கேட்டதால் திறந்த வாசல்

"நாம் கேட்டு என்ன ஆகப் போகிறது?" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. சீனாவில் நடந்ததைக் கேளுங்கள்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் ஷங்ஹாய் டிஸ்னிலேண்டுக்குச் சென்றார். பையில் நொறுக்குத் தீனி வைத்திருந்தார். வாசலில் பையைச் சோதித்து, வெளி உணவைக் கொண்டு போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அந்த மாணவி நீதிமன்றம் சென்றார். செய்தி நாடெங்கும் பரவியது. பொதுமக்களும் பத்திரிகைகளும் அவர் பக்கம் பேசினர். அதே ஆண்டு செப்டம்பரில் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. அவருக்குக் கிடைத்தது 50 யுவான். நம் பணத்தில் ஏறத்தாழ 30 ரிங்கிட். ஆனால் அதைவிடப் பெரிய பலன் கிடைத்தது. தாம் உண்பதற்கான உணவை வருகையாளர்கள் எடுத்துவர அந்தப் பூங்கா அனுமதி தந்தது. சூடாக்க வேண்டியவை, குளிரில் வைக்க வேண்டியவை, கடுமையான வாடை வீசுபவை மட்டும் கூடாது. அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களிலும் சொந்த உணவு கொண்டு போகலாம். உணவு முகப்புகளில் கேட்டால் குளிர்ந்த நீர் இலவசமாகத் தருகிறார்கள்.

இந்தியாவில் 2023 ஜனவரி 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் திரையரங்குகளைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகத் தடை கூடாது என்றது. உரிமையாளரின் நியாயத்தையும் வருபவரின் நியாயத்தையும் ஒருசேரப் பார்த்த தீர்ப்பு அது. விலையைப் பற்றி எவ்வளவும் வாதாடலாம். தாகத்தை வைத்து வாணிகம் செய்யக்கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

புறப்படும் முன்னே

பூங்காவுக்குப் பூங்கா விதி வேறுபடும். எனவே, பெற்றோர்களே, புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். உணவு எடுத்து வரலாமா? தண்ணீர்ப் போத்தல் கொண்டு வரலாமா, நிரப்பிக்கொள்ளக் குழாய் உண்டா? கைப்பட்டையோடு வெளியே போய்த் திரும்பி வரலாமா? ஒரு தட்டுச் சோறு என்ன விலை? கைக்குழந்தை இருந்தாலும், இனிப்பு நீர் உள்ள பெரியவர் வந்தாலும் அதையும் சொல்லுங்கள். இத்தகையோருக்கு விலக்குத் தரும் இடங்கள் பல.

வெளியே போய்வர அனுமதி இருந்தால் கவலையே இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் மர நிழலில் பாயை விரித்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம்.

கட்டுச்சோறு கட்டுவதிலும் கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக்கும் தேங்காய்ச் சட்டினியும் வெயிலில் சீக்கிரம் கெடும். புளிச்சோறு தாங்கும். அன்று காலையில் வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி, சூடு ஆறிய பின் கிளறிக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். பதினோரு மணிக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. பிற்பகலுக்கு ரொட்டி, வாழைப்பழம், பிஸ்கட், அவித்த கடலை போதும். ஐந்து பேருக்கு இருபது ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அந்த ஆசையையும் மறுக்க வேண்டாம்.

கட்டுச்சோற்றைப் பிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் பொரித்த கோழி சாப்பிடுபவரைப் பார்த்துத் தலை குனிகிறார்கள். தாய் நாலு மணிக்கு எழுந்து கட்டிய சோற்றில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை வீட்டில் பெற்றோரும் பள்ளியில் நாங்களும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுலாக் கடிதத்தில் உணவு விலையையும் சேர்த்து எழுதுங்கள். உணவோடு சேர்ந்த கூட்டச் சீட்டு உண்டா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். மதிய வேளையில் பிள்ளைகளின் தலையை எண்ணினால் மட்டும் போதாது, தட்டையும் எண்ணுங்கள்.

எங்கள் அடுத்த சுற்றுலாவுக்கான கடிதத்தை எழுதிவிட்டேன். இம்முறை முழுப் பக்கம் வந்தது. பூங்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "பள்ளிப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே உள்ள கொட்டகையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம்" என்றார்கள். கேட்பதற்கு எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. சென்ற முறையும் கேட்டிருக்கலாம்.