எப்போது தொடங்கியது?

பழைய அமெரிக்க மருத்துவக் கோப்புகளில் ‘குழந்தைப் பருவ மனச்சிதைவு’ என்று இருந்தால், அந்தக் குழந்தைக்கு யாரும் பேசாத குரல்கள் கேட்டன என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் அங்கே இருந்தது ஆட்டிசம்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

ஆட்டிசம் என்ற சொல்லே மனச்சிதைவிலிருந்துதான் கிளம்பியது. ஸூரிக் நகர மனநல மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர், மனச்சிதைவு வந்தவர்கள் வெளியுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கிப்போவதை 1911-இல் வந்த தன் நூலில் அந்தச் சொல்லால் குறித்தார். அவருக்கு அது ஓர் அறிகுறி, அவ்வளவே.

1943-இல் பால்டிமோரின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் அந்தச் சொல்லையே வைத்து 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். முதலில் வருபவன் மிசிசிப்பியைச் சேர்ந்த டொனால்ட். கையில் கிடைக்கும் வட்டப் பொருளையெல்லாம் தரையில் சுழலவிட்டு, அது சுற்றச் சுற்றத் துள்ளிக் குதிப்பான். தனக்கு ஒன்று வேண்டுமென்றால் ‘எனக்கு’ என்று வராது. பெரியவர்கள் அவனைக் கேட்ட ‘உனக்கு’ அப்படியே திரும்பி வரும். மனச்சிதைவு வந்தவர் ஒரு காலத்தில் எல்லோரோடும் கலந்திருந்து பிறகு விலகுகிறார். இந்தக் குழந்தைகளோ ஆரம்பத்திலிருந்தே இப்படி. கானர் இதைக் கச்சிதமாகப் பிடித்திருந்தார்.

அப்படிப் பார்த்தவரே 1949-இல், ஆட்டிசத்தை மனச்சிதைவிலிருந்து பிரிக்க வேண்டிவராது என்று எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1952 கையேடும் 1968 பதிப்பும் ஆட்டிசத்துக்குத் தனி இடம் தரவில்லை. இதை வெறும் பெயர்க் குழப்பம் என்று என்னால் தாண்டிப்போக முடியாது. மனச்சிதைவு என்று முடிவுகட்டிய குழந்தைகளுக்கு நியூயார்க்கில் மனநல மருத்துவர் லாரெட்டா பெண்டர் 1940-களில் மின்அதிர்ச்சி கொடுத்தார், 1960-களில் எல்.எஸ்.டி.யும் கொடுத்தார். இன்று ஆட்டிசம் என்று சொல்லக்கூடிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

இரண்டையும் பிரிக்க வழி காட்டியது ஒரு சாதாரணக் கேள்வி: எப்போது தொடங்கியது? இங்கிலாந்தில் மனநல மருத்துவர் இஸ்ரேல் கோல்வின் இதைக் கேட்டுக் குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்து, 1971-இல் வெளியிட்டார். 3 வயதுக்குள் ஒரு கூட்டம், 5 வயதுக்கு மேல் இன்னொரு கூட்டம். நடுவில் அநேகமாக யாருமே இல்லை. ஒரே நோய் என்றால் நடுவில் ஏன் காலியாக இருக்க வேண்டும்? பின்னால் தொடங்கியவர்களுக்குத்தான் குரல்கள் கேட்டன. அவர்களின் பெற்றோரிடமும் மனச்சிதைவு அதிகம் தென்பட்டது. லண்டனில் மைக்கேல் ரட்டரும் இரண்டும் வேறு என்றே சொன்னார். 1980-இல் அந்த அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு ஆட்டிசத்தை வளர்ச்சிக் குறைபாடாகத் தனியே பிரித்தது.

ஆனால் உறவு முழுக்க அறுந்துவிடவில்லை. 22-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு இல்லாமல் பிறப்பவர்களுக்கு இரண்டுமே வரும் வாய்ப்பு கூடுதல். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவதும் நடக்கிறது. “ஆள் கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்குமா?” என்று டாக்டர் கேட்டால், ஆட்டிசம் உள்ள ஒருவர் பக்கத்து அறைப் பேச்சை நினைத்து “கேட்குமே” என்று சொல்லிவிடலாம். கேள்வியை உள்ளபடி எடுத்துக்கொண்டு உண்மையாகப் பதில் சொல்லியிருப்பார்.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இருப்பது மனச்சிதைவா ஆட்டிசமா என்ற சந்தேகம் இருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்த பாட்டியோ அத்தையோ இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பேச்சு எப்போது வந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரா, எதை வைத்து விளையாடினார் என்பதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.