வயிற்றோட்டம் நின்ற பிறகும் சிங்க் ஏன்?

கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் "பல் முளைக்கிறது" என்பார்கள் சிலர். "கண்ணூறு பட்டுவிட்டது" என்பார்கள் வேறு சிலர். ஆனால் சிறு குழந்தைகளின் கடுமையான வயிற்றோட்டத்துக்கு உலகெங்கும் முக்கிய காரணமாக இருப்பது ரோட்டா வைரசு. 1973 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும், நோயுற்ற குழந்தைகளின் குடல் இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து இதைக் கண்டறிந்தனர்.

இந்த வைரசு சிறுகுடலின் சடைமுளைகளிலுள்ள கலங்களை அழிக்கிறது. அதனால் உடல் உறிஞ்ச வேண்டிய நீரும் உப்புகளும் வெளியேறுகின்றன. அவற்றோடு சிங்கும் வெளியேறுகிறது. இரசாயனவியலில் நாம் நாகம் என்று படிக்கும் அதே மூலகம்தான் இது. குடலில் புதிய கலங்கள் உருவாகவும் நோயெதிர்ப்புச் சக்தி குன்றாதிருக்கவும் இது அவசியம்.

இதனால்தான் வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்கு உப்புக்கரைசலுடன் சிங்கும் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 இல் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் என 10 முதல் 14 நாட்கள் வரை கொடுக்குமாறு அந்தப் பரிந்துரை கூறியது. மாத்திரையைத் தாய்ப்பாலிலோ கொதித்தாறிய நீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். வைத்தியரின் ஆலோசனையைப் பெற்றே ஆரம்பிப்பது நல்லது.

மலம் இறுகியதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடும் உம்மாமார் பலரை நான் கண்டிருக்கிறேன். "சுகமாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று கேட்பார்கள். இங்கேதான் நாம் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். சிங்க் இன்றைய நோயின் கடுமையைக் குறைப்பதுடன் நின்றுவிடுவதில்லை. முழு நாட்களும் கொடுத்தால், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் வயிற்றோட்டம் மீண்டும் வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது. மீதி மாத்திரைகள் நாளைய நோய்க்கான தடுப்பு.

ஆயினும் சிங்க் தனித்து நின்று குழந்தையைக் காப்பாற்றாது. இழந்த நீரை ஈடுசெய்ய ஜீவனி போன்ற உப்புக்கரைசல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றி அல்குர்ஆனும் பேசுகிறது அல்லவா? நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வைரசை அழிப்பதில்லை. அவற்றை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு குழந்தைக்குச் சிங்க் கொடுக்கிறார்களா? எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். மீதியையும் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள்.